அலையாத்தியை வெட்டி உங்கள் பெயரில் ஒரு சோலை

அன்புள்ள அத்திம்பேருக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு தாதர் டிராமை நிறுத்திவிட்டார்கள். அக்கா நடமாடுகிறாள், காப்பிக்குச் சர்க்கரை போட மறந்துவிடுகிறாள். செம்பூரில் உங்கள் பெயரில் ஒரு சோலை திறந்தாயிற்று. அந்த அசிங்கத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிக்குப் பின்னாலிருக்கும் கழிமுகத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போவீர்களே. சேற்றிலிருந்து ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள், மரத்திலிருக்கும்போதே முளைத்துவிடும் அலையாத்தி விதை. "இதுக்கெல்லாம் தோட்டக்காரன் வேண்டாம்டா" என்பீர்கள். ஐரோப்பாவில் பீச் என்றொரு மரத்தின் காடுகளைப் பற்றி நூலகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னதும் அங்கேதான். விழுந்த மரத்தைக்கூட அப்படியே விட்டால்தான் அதன்மேல் பாசியும் வண்டும் பிழைக்குமாம். "காட்டுக்கு நாம பண்ற பெரிய உபகாரம், கையைக் கட்டிண்டு நிக்கறதுதான்."

காலனிச் சங்கத்தின் காரியதரிசிக்குக் கையைக் கட்டிக்கொள்ளும் பழக்கம் இல்லை. உங்கள் ஞாபகார்த்தமாக மரம் நடுவிழா என்று அக்காவையும் என்னையும் அழைத்துப்போனார். போய்ப் பார்த்தால் பாதிக் காட்டைக் காணோம். பந்தலுக்குப் பின்னால் அலையாத்தி வெட்டிக் குவிந்து கிடந்தது. வீடிழந்த நண்டுகள், விழாவுக்குத் தலைமை தாங்க வந்த பிரமுகரின் செருப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு இயற்கையைப் பற்றிப் பேசினார்.

"இங்கே இருந்ததெல்லாம்?" என்று அக்கா கேட்டாள்.

"வெறும் புதர், மாமி. கிளீன் பண்ணியாச்சு. மாமாவுக்கு மரம்னா உசிராச்சே" என்றார் காரியதரிசி.

"அவர் பார்க்க வந்ததே அந்தப் புதரைத்தான்."

"அதுக்கென்ன மாமி, இனிமே நல்ல மரமாப் பார்க்கட்டும்."

அக்காவின் கையில் குடத்தைக் கொடுத்து, முதல் அசோகக் கன்றுக்கு அவளையே தண்ணீர் விடச் சொன்னார்கள். விட்டாள். வேறென்ன செய்வாள்? எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த பெரிய ஓதத்தில் கடல் பொங்கி ஏறி வந்து கன்றுகளை விசாரித்துவிட்டுப் போனது. எல்லாம் உப்பில் கருகிவிட்டன. சங்கம் கூடி ஆராய்ந்து, குற்றம் கடலுடையது என்று கண்டுபிடித்தது. மிச்சமிருக்கும் அலையாத்தியையும் வெட்டி, கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கி, மறுபடி அசோகம் நடுவார்களாம். கருகிய குழிகளில் ஓதம் கொண்டுவந்து போட்ட அலையாத்தி விதைகள் தாமாகவே இலைவிட்டிருக்கின்றன. அவற்றைக் களை என்கிறார் காரியதரிசி.

அக்கா அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. போன வாரம் என்னிடம் சொன்னாள்: "மிச்சத்தையாவது காப்பாத்துடா. இத்தனை வருஷமா சர்க்கார் ஆபீஸ்ல இருக்கே. ஒரு வேலையை நடக்காமப் பண்ண உனக்குச் சொல்லித் தரணுமா?"

உங்கள் மனைவி புத்திசாலி. மறுநாளே சங்கத்துக்குப் போய், வெட்டுவது, கொட்டுவது, களையெடுப்பது எல்லாவற்றையும் நானே ஏற்று நடத்துகிறேன் என்றேன். காரியதரிசி கண் கலங்கி மாலை போட்டார். முதல் வேலையாக ஓர் உபகமிட்டி அமைத்திருக்கிறேன். அது என்று கூடவேண்டும் என்பதை ஆலோசிக்க இன்னொன்றும் அமைக்கப்போகிறேன்.

நான் உயிரோடு இருக்கும்வரை அங்கே ஒரு வேலையும் நடக்காது, அத்திம்பேர். இது சத்தியம்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்,
உங்கள் மைத்துனன்.