இரண்டு ரியூபும் ஒரு கதிரையும்

இயேசு மரி சூசை துணை

அரியாலை
4.7.1993

அன்புள்ள மகன் கனிசியசுக்கு,

அப்பா தன் கையாலேயே எழுதும் முதற் கடிதம். எழுத்துகள் கோணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பதற்குக் கோபிக்காதே. கோடு போட்ட தாளிலும் வரி மேலே ஏறிவிடுகிறது. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கிழடுகளுக்கு பெர்னடெட் ரீச்சர் மாலையில் படிப்பிக்கிறார். “சிமியோன் அண்ணை, பேனையைத் துடுப்பு மாதிரிப் பிடிக்காதேங்கோ” என்று நேற்றும் ஏச்சு வாங்கினேன். ‘ழ’ இன்னும் என் சொல் கேட்பதில்லை. இருந்தாலும் இந்த வயதில் மகனுக்கு எழுதுகிறேன் என்று நினைக்கச் சிரிப்பு வருகிறது.

உன் கடிதத்தையும் நானே வாசித்தேன். முன்பு தில்லைநாதன் மாஸ்ரர் உரத்து வாசிப்பார். அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நீ சுகம் விசாரிப்பதோடு நிறுத்திவிடுவாய். இனி எனக்கென்று எழுதலாம்.

நீ அனுப்பிய படத்தில் இரண்டு காற்றுப் பைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரன் கதிரையில் இருக்கிறானே, நீயும் அப்படி ஒன்று வாங்கினாயாம். அதில் எப்படி மீன் பிடிப்பது? விவரமாக எழுது. எனக்கு ஆசை வந்துவிட்டது. உன் அண்ணை கிறகோரி கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஏழு வருடம். அவன் வரும்வரை இந்த வீட்டில் ஒருவரும் வள்ளத்தில் கால் வைப்பதில்லை என்று அம்மா அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தி உனக்குத் தெரியும். படத்தை அவளிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உதென்ன வள்ளமே? உது கதிரை” என்றாள். அவ்வளவுதான், எனக்கு அனுமதி.

அண்ணையின் இரும்புக் கட்டிலுக்கு இன்றும் விரிப்பு மாற்றினாள்.

அன்பு அப்பா
சிமியோன்

பேர்கன், நோர்வே
11.8.1993

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைக் கண்டதும் வாசிக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டதை எழுதுகிறேன். இரண்டு பைகளுக்கும் ஒரே அளவு காற்று அடிக்க வேண்டும். இரண்டையும் ஒரு இரும்புச் சட்டம் பிணைக்கும். அதன் மேல் கதிரை. கால்கள் தண்ணீருக்குள் தொங்கும். தாரா வாத்தின் கால் போன்ற ரப்பர் சப்பாத்து போட்டு உதைத்தால் நகரும். தூரத்துக்குச் சிறிய துடுப்பு உண்டு. தொடக்கத்தில் காற்றில்லாத காலையில், கரையோரமாகவே பழக வேண்டும். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால், களைத்தபின் காற்றே கரைக்குக் கொண்டுவரும். தூண்டிலில் இரை இல்லை. முள்ளில் இறகைக் கட்டி, பூச்சி விழுவதுபோல் தண்ணீரின் மேல் விழுத்துவார்கள்.

இனி உங்களுக்கு மட்டும். நான் அதில் ஒரு தடவைதான் ஏறினேன். கரையை விட்டதும் குதிக்காலை ஒரு கை பிடித்தது. பாசி என்று தெரியும். ஆனாலும் அது அண்ணையின் கை. அன்றிலிருந்து குளிக்கும் தொட்டியில்கூட என்னால் கால் வைக்க முடியவில்லை. அப்பா, அவருடைய ஆத்தும சாந்திக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். அம்மாவுக்குத் தெரியாமலாவது.

உங்கள் மகன்
கனிசியஸ்

அரியாலை
26.9.1993

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவுக்குத் தெரியாமல் முடியாது. பூசை வைக்கும் சுவாமி செத்தவர்களின் பெயரை உரத்து வாசிப்பார். அவள் கோயிலில் முன் வாங்கில் இருப்பாள். செத்தவர்களோடு அவன் பெயரைக் கேட்டால் அவளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ படும் பாடும் புரிகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

கதிரை விஷயம் கேள். டீசல் இல்லாமல் பக்கத்து வீட்டுச் செல்வரட்ணத்தின் லொறி நிற்கிறது. அதன் சக்கர ரியூப் இரண்டு தந்தான். சட்டத்துக்கு மூங்கில் கட்டினேன். பரவைக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் ஏறி இருந்தேன். மூங்கில் வளைந்தது, ரியூப்கள் ஆளுக்கொரு பக்கம் போயின, நான் நடுவால் கீழே போனேன். கரையில் நின்ற செல்வரட்ணம், “அண்ணை, மீன் பிடிக்கப் போனனீங்களோ, மீனுக்குத் தீன் போடப் போனனீங்களோ?” என்றான். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் விடிய அவள் கிறகோரியின் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தாள். “உந்தக் கட்டில் சட்டத்தைக் கழட்டுங்கோ. மூங்கில் உங்களைத் தாங்காது.”

“அவன் வந்தால் எங்கை படுக்கிறது?”

“வந்தால் பாயிலை படுக்கட்டும்” என்றாள். குசினிக்குள் அடுப்பு மூட்டப் போய்விட்டாள். நான் வெகுநேரம் ஆணி கழட்டும் குறடும் கையுமாக நின்றேன்.

அன்பு அப்பா
சிமியோன்

அரியாலை
7.11.1993

அன்புள்ள மகனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் கப்பல் வராததால் இருக்கும்.

இரும்புச் சட்டம் நன்றாகத் தாங்குகிறது. சேவல் இறகு கட்டி, நீ சொன்னபடி காற்றை எதிர்த்துப் போனேன். முதலில் இறகு என் காதில் மாட்டியது. பிறகு ஒரு பாரைமீன் குட்டி மாட்டியது. சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினேன்.

ஒன்றுதான் விளங்கவில்லை. இடது ரியூப் எப்போதும் தாழ்ந்தே மிதந்தது. காற்று அடித்தேன். ரியூப்களை மாற்றிக் கட்டினேன். அப்படியும் இடது பக்கம்தான். ஒருநாள் கரைக்கு வந்தபோது அம்மா நின்றாள்.

“உங்களுக்குப் பின்னாலை ஆர் இருந்தது?”

“ஒருத்தருமில்லை, மரியநாயகி.”

“நான் கண்டனான். போட்டிருந்த சேட்டு நனைஞ்சிருந்தது. என்னைப் பாக்கேல்லை.” கட்டில் சட்டத்தைத் தொட்டு, “அவன்ரை கட்டில்தானே” என்றாள்.

அதன் பிறகு அவளேதான் சுவாமியிடம் போய் அவன் பெயரைக் கொடுத்தாள். ஆத்துமாக்கள் திருநாளன்று சுவாமி “கிறகோரி” என்று வாசித்தபோது என் கையை இறுக்கிப் பிடித்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

நீ கேட்டது நடந்துவிட்டது, தம்பி. இனி நித்திரை கொள்.

ஆனால் உனக்குப் பொய் எழுத எனக்கு மனமில்லை. பூசைக்கு அடுத்த நாள் தண்ணீருக்குப் போனேன். இடது பக்கம் இன்னும் தாழ்ந்துதான் இருக்கிறது. “என்னடா, இன்னும் போகேல்லையோ?” என்று கேட்டேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கும் சுவாமிக்கும் இதைச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இல்லை. சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதினால் நீ என்ன நினைப்பாயோ. அவன் இழுப்பதில்லை, கவிழ்ப்பதில்லை. நான் வலது பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கிறேன். இப்போது நேராக மிதக்கிறது.

கை வலிக்கிறது. வருகிற கிழமை மிச்சத்தை எழுதுகிறேன்.

அன்பு அப்பா
சிமியோன்