கடைசிச் சொம்புத் தண்ணீர்

நவம்பர் 11, 2024

கோட்டைமேட்டில் இன்று ஒரு மய்யித்து. எண்பது வயதில் இறந்த பாட்டி. நானும் பக்ருன்னிசா அக்காவும் போய்க் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம். மருமகள்கள் மூன்று பேர் வாசலில் நின்று அழுதார்கள். ஒருத்திகூடத் தண்ணீர் ஊற்ற உள்ளே வரவில்லை. "அழுகிறதுக்கு மட்டும் மூணு பேர் எதுக்கு?" என்று சத்தம் போட்டேன். கடைசி மருமகள் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், ஆனாலும் ஊற்றினாள். அவளுக்கு ஆயுசு நூறு.

வழக்கம்போல வாளியில் மிஞ்சிய கர்ப்பூரத் தண்ணீரில் ஒரு சொம்பு தூக்குப்போசியில் எடுத்து வந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். ரசாக் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, உங்க சிலோன்ல கறிவேப்பிலைக்குக் கர்ப்பூரத் தண்ணிதான் ஊத்துவாங்களா?"

கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். இன்னும் அந்தச் சிலோன் கேலி ஓயவில்லை. "ஓம், ஊத்துவம். நீங்க போய் உங்கட பழைய இரும்பைப் பாருங்கோ" என்றேன். சிரித்துக்கொண்டே கடைக்குப் போனார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

நவம்பர் 19

மகள் ரிஃபானாவைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஏழு மாதம். கிணத்துக்கடவிலிருந்து சம்பந்தியம்மா இரண்டு மூட்டைத் தேங்காயோடு வந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ளத்தாச்சி இருக்கற ஊடு. புள்ள பொறக்கற வரைக்கும் அந்த மய்யித்து வேலைய நிறுத்திப்போடுங்களேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். சாக்கடை அடைத்ததற்கே கவுன்சிலரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டவள் நான். "ஆகட்டுங்க" என்றேன். ரிஃபானா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

உள்ளுக்குள் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். இருபத்திரண்டு வருடமாக எல்லா வயதுப் பெண்களையும் குளிப்பாட்டியிருக்கிறேன். குழந்தைகளை மட்டும் தொட்டதில்லை. குழந்தை என்று தகவல் வந்தால் எனக்குக் காய்ச்சல் வரும், இல்லை ரேஷன் கடையில் வரிசை இருக்கும். அக்கா தனியாகப் போய்விட்டு வருவார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இனிமேல் பொய் சொல்ல வேண்டாம். மகளே காரணமாக வந்துவிட்டாள்.

நவம்பர் 22

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "இந்தப் பொண்ணு உங்களுக்கு எத்தனாவது பிரசவம்மா?"

"முதல்" என்றேன்.

நவம்பர் 27

மூன்று நாளாக மதியத்தில் கேட்கிறது. அக்கம்பக்கத்தில் கைக்குழந்தை கிடையாது, நான் போய்ப் பார்த்துவிட்டே வந்தேன். தொண்டை வறண்டு, வாய் மட்டும் திறக்கிற அழுகை அது. சத்தமே இல்லாத அழுகை எப்படிக் கேட்கும்? கேட்கிறது. ரிஃபானாவிடம் "கேக்குதா?" என்றேன். "ஃபேன் சத்தம்மா" என்றாள். ஃபேனை நிறுத்தினேன். அப்போதும் கேட்டது.

எழுதிவிடுகிறேன். இங்காவது எழுதுகிறேன்.

தொண்ணூறு அக்டோபர். யாழ்ப்பாணத்தில் எங்கள் முஸ்லிம் சனத்தை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் இயக்கத்துக்காரர்கள். எனக்கு வயது இருபது. தன் அண்ணனைத் தேடிப்போன புருஷன் இரண்டு மாதமாகத் திரும்பியிருக்கவில்லை, பிறகும் வரவில்லை. இடுப்பில் மகன், நான்கு மாதம். நடந்தோம். மழை, காய்ச்சல். மூன்றாம் நாள் விடியும்போது பிள்ளை என் தோளிலேயே குளிர்ந்து கிடந்தான். என் நானா, கூடப்பிறந்த அண்ணன், மண்ணைத் தட்டித் தடவி, தண்ணீர் இல்லாத இடத்தில் செய்கிற முறையைச் செய்தார். சாப்பாட்டுத் தட்டால் தோண்டி அடக்கினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் மேல் படவில்லை.

மண்டபம் முகாமில் இருந்தபோது ரசாக் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். நானா சொன்னார்: "புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை." பொய்யும் இல்லையே அது. அன்றைக்கு என் கையில் பிள்ளை எங்கே?

பேரை எழுத வரவில்லை.

டிசம்பர் 3

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. அவர் மகள் வந்து கருமத்தம்பட்டிக்கு அழைத்துப்போய்விட்டாள். ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "இனி சின்னதோ பெருசோ உங்க பொறுப்புங்க அம்மணி" என்றார்.

சின்னதோ. அந்தச் சொல்லை ஏன் முதலில் சொன்னார்?

டிசம்பர் 17

காலையில் பள்ளிவாசலிலிருந்து போன். நகைப்பட்டறையில் வேலை செய்கிற வங்காளத்துக்காரர் ஷேக் பரீத்தின் குழந்தை, ஆண் குழந்தை, நான்கு மாதம், காய்ச்சலில் போய்விட்டது. "அக்காவும் ஊர்ல இல்லீங்க. நீங்கதான் வரோணும்."

"எங்க ஊட்டுல புள்ளத்தாச்சி இருக்குதுங்க. நான் இப்ப வாரதில்லை."

போனை வைத்துவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பேச்சு.

பதினொரு மணிக்கு அவரே வாசலில் வந்து நின்றார். இருபத்தைந்து வயது இருக்கலாம். தமிழில் நான்கு சொல் தெரியும். "அம்மா. பாப்பா. தண்ணி." அவ்வளவுதான். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், கடன்காரனைக் கண்டவள் மாதிரி.

ரிஃபானா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, போங்க."

"உன் மாமியார்..."

"அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். என்னைய சாக்கு வெச்சுட்டு நிக்காதீங்க."

இந்த வாய் யாரிடம் கற்றதோ! செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

பட்டறைக்கு மேலே ஒரே அறை. அவர் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கிடந்தாள். தெருப் பெண்கள் இரண்டு பேர் குழந்தையை வாங்கப் பார்த்தார்கள், அவள் கொடுக்கவில்லை. "குடுக்காத" என்றது என் வாய். என்னையறியாமல் வந்துவிட்டது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். கோட்டைமேட்டு மருமகளை அதட்டியவள் நான்!

குழந்தையை அவளிடமிருந்து வாங்கவேயில்லை. பலகையைக் கிட்டே இழுத்து, அவளே அவனைப் படுக்கவைக்கட்டும் என்று காட்டினேன். சொம்பை அவள் கையில் கொடுத்து "பானி" என்றேன். அந்த ஒரு சொல்தான் எனக்குத் தெரியும். நான் தலையைத் தாங்கிக்கொண்டேன், அவள் ஊற்றினாள். "மெல்ல, மெல்ல" என்றேன். அவளும் அவள் பாஷையில் எதையோ அதே மாதிரி சொல்லிச் சொல்லி ஊற்றினாள். காது மடலுக்குப் பின்னால், விரலிடுக்கில், முழங்கால் மடிப்பில். மூன்று முறை. கர்ப்பூரத் தண்ணீரையும் அவளே கடைசி வரைக்கும் ஊற்றினாள். பிறகு என் தோளில் சாய்ந்து சத்தமாக அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தூக்குப்போசி காலியாக இருப்பது தெரிந்தது. வாளியில் மிஞ்சவில்லை.

டிசம்பர் 18

எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

தண்ணி இருந்தது. என்னிடம் ஒரு போத்தல் தண்ணி இருந்தது. நானாவிடம் சொல்லேல்லை. துணிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தன். இன்னும் எவ்வளவு தூரம் நடக்கவேணுமோ எண்ட பயம். பிள்ளையை மண்ணுக்குள்ள வைக்கேக்க அந்தப் போத்தல் என்ர இடுப்பில இருந்தது. ஒரு கை தண்ணி, ஒரே ஒரு கை, அவன்ர முகத்தில ஊத்தேலாமப் போச்சே எனக்கு! மத்தியானம் நடக்க ஏலாமல் நான்தான் குடிச்சன். முழுக்க.

என்ன தாய் நான்?

டிசம்பர் 20

ரசாக்கிடம் சொல்லிவிட்டேன். மாலையில் கடையிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை, நடை, போத்தல், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றியது அவனுக்குக் கிடைக்காத தண்ணீர் என்பது, எல்லாம். தலையைக் குனிந்தே சொன்னேன். டிவியை நிறுத்தினார்.

"பேரு என்ன வெச்ச?"

முப்பத்து நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தப் பேரை வாயால் சொன்னேன்.

"ம்" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு வாழ்க்கையை அவிழ்த்து முன்னால் கொட்டியிருக்கிறேன், இந்த மனுஷன் "ம்" என்கிறார்! திட்டவில்லை, "ஏன் மறைத்தாய்" என்று கேட்கவில்லை, ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

ஜனவரி 6, 2025

அவர் எப்போதும்போல இருக்கிறார். மீன் வாங்கி வருகிறார், கரண்ட் பில் கட்டுகிறார். சிலோன் கேலி மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கேலியே தேவலாம் போலிருக்கிறது.

சம்பந்தியம்மா போனில் மய்யித்து வேலையைப் பற்றி மூச்சே விடவில்லை. ரிஃபானா என்ன பேசினாளோ.

ஜனவரி 29

பெண் குழந்தை. மூன்று கிலோ. இருவரும் நலம். யுஸ்ரா என்று பேர். நன்றாகச் சத்தம் போட்டு அழுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

பிப்ரவரி 11

நாளை மறுநாள் பராத் இரவு. வருடா வருடம் ரசாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டில் இறந்துபோனவர்களின் பேரை எழுதிப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கொடுப்பார். யாசீன் ஓதி முடித்ததும் ஒவ்வொரு வீட்டுப் பட்டியலையும் படித்து துஆ செய்வார்கள். எழுதும்போது "உன் பக்கம் பேரைச் சொல்லு" என்று என்னைக் கேட்பார். என் வாப்பா, உம்மா, நானா, மூன்று பேரைச் சொல்வேன்.

இந்த முறை கேட்கவில்லை. அவரே எழுதி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் உம்மா வாப்பா பேர்கூட இனி இந்த வீட்டுக்கு வேண்டாமா? அடுப்படியில் நின்று அழுதேன். மறைத்தவளுக்கு இதுவும் வேண்டும்.

பிப்ரவரி 13

மஃரிப் தொழுகைக்குப் பிறகு யாசீன் ஓதினார்கள். ரிஃபானா கட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், நான் கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஸ்பீக்கரில் பட்டியல் படிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் முறை வந்தது. இரும்புக்கடை ரசாக் வீடு. அவருடைய அத்தா பேர், அம்மா பேர். என் வாப்பா. என் உம்மா. என் நானா. ஒருவரையும் விடவில்லை மனுஷன்.

பிறகு ஹஜ்ரத் படித்தார்: "ரசாக் மகன் உவைஸ். நான்கு மாதக் குழந்தை."

கையில் இருந்த துணி அப்படியே நின்றது. ஸ்பீக்கர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

ரிஃபானா நிமிர்ந்தாள். "யாரும்மா அது உவைஸ்? அத்தா மகன்னு படிக்கறாங்க?"

"உன் அண்ணன்" என்றேன்.

குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு, அவளும் கீழே இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.