தூங்க மட்டும் கட்டில்

அன்புள்ள அப்பா,

தூக்கம் வராத மாணவர்களுக்கென்று கல்லூரியில் ஒரு கையேடு கொடுத்திருக்கிறார்கள். கட்டில் தூங்க மட்டும்தானாம். தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டுமாம். அதனால் இனிமேல் படுத்துக்கொண்டு உங்களோடு போனில் பேச மாட்டேன், கோபிக்காதீர்கள்.

நேற்று இரவு எழுந்து துணி துவைக்கும் அறைக்குப் போனால், பாதி விடுதி அதே கையேட்டோடு அங்கே உட்கார்ந்திருக்கிறது! "வாடி, உன்னையும் கட்டில் துரத்திடுச்சா?" என்றாள் பக்கத்து அறை பிரிட்டா. சிரித்துச் சிரித்தே கொட்டாவி வந்துவிட்டது. திரும்பிப் போய்ப் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு லுண்ட்கிரென் நம் வாசல் பனியை அள்ளும்போது ஜன்னல் வழியே பார்த்தாராம். அம்மா தவறியதிலிருந்து நீங்கள் சோபாவில்தான் படுக்கிறீர்களாம். என்னிடம் மட்டும், "நல்லா தூங்குறேன்மா!"

எழுந்தவர் கட்டிலுக்குத் திரும்பவும் வேண்டும் என்கிறது கையேடு. நீங்களும் போங்கள், அப்பா. அம்மாவின் தலையணை அப்படியே இருக்கட்டும்.

கொட்டாவியோடு,
உங்கள் மகள்