இடப்பக்கக் குதிரை

29.10.1989, ஞாயிறு. வெம்பிளி

விடியலிலிருந்து தூறல். கடிகாரங்களை ஒரு மணி பின்தள்ளினேன். சமையலறைக் கடிகாரம் எட்டவில்லை. நாற்காலி வேண்டும்.

இன்று செய்ய வேண்டியவை: கறுப்புச் சப்பாத்துக்கு அடி ஒட்டக் கொடுத்தல். அடுத்த மாதம் 11ஆம் நாள் சனிக்கிழமைப் பேச்சுக்குக் குறிப்பு (தலைப்பு: சொல்லும் செயலும்). இரும்பு அலுமாரி ஒழித்தல்.

அலுமாரியில் ஒழிக்க ஏதுமில்லை. காவல்துறை விதிப்படி சுவரோடு இறுக்கிய அலுமாரி. உள்ளே வெறுமை. துவக்குப் போய் நான்கு நாள்.

துப்பாக்கியை மேடையில் 'துமுக்கி' என்பேன். இங்கே துவக்கு என்றே வருகிறது. வரட்டும்.

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இம்மாதம் 7, செவன் கிங்ஸ் தமிழ்ப் பள்ளியின் வாணி விழா. சிறப்புரை நான். மண்டபம் நிறைந்த கூட்டம். "நா தமிழ் பேசும். நெஞ்சம் தமிழ் நினைக்கும்" என்று இரண்டு அடி சொல்லி ஏறியபின் மூன்றாவது அடி வேண்டியிருந்தது. குறிப்பில் இல்லாத அடி. "இனி என் கை எழுதுகோலன்றி வேறெதையும் ஏந்தாது!"

கைதட்டல். மூன்றாம் வரிசையில் கடைக்காரக் குணம் எழுந்து நின்றான்.

"அப்ப உங்கட துவக்கு, அண்ணை?"

சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. "அதையுந்தான்!" என்றேன். கூரை அதிர்ந்தது.

வீடு திரும்பும் தொடர்வண்டியில் மனைவி இராசம் கேட்டது: "அப்ப கரண்டி? கோப்பை கழுவுறதும் இனி இல்லையோ?"

சொன்ன சொல் சொன்னதுதான். 25ஆம் நாள் பீற்றருக்கு விற்றேன். ஓய்வுபெற்ற தொடர்வண்டிச் சைகைக்காரர். அமர்ஷாமுக்கு அப்பாலுள்ள எங்கள் துவக்குச் சுடுகளத்தில் எட்டு ஆண்டு பக்கத்தில் நின்றவர். நல்லவர் கையில்தான் போயிருக்கிறது. ஆயினும்.

31.10.1989, செவ்வாய்

குளிர். அலுவலகத்தில் மூன்று கோப்பு. மாலை, இந்நாட்டுப் பேய்த்திருநாளுக்கு இனிப்புக் கேட்டு முகமூடிப் பிள்ளைகள் கதவைத் தட்டினர். இராசம் பயிற்றம்பணியாரம் கொடுத்தது. ஒன்று முகமூடியைக் கழற்றி மணந்து பார்த்துவிட்டு வாயில் போட்டது.

குணத்தின் கடை. வெண்டிக்காய், பச்சைமிளகாய், தேங்காய்ப்பால் இரண்டு தகரப்பேணி. நான் பையைத் தூக்கியதும் குணம் கல்லாவிலிருந்து:

"அண்ணை, கவனம். கையில எழுதுகோல் இல்லை, வெண்டிக்காய் எல்லோ!"

கடை முழுதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்தேன். தெருமுனையில் பையை இறக்கி வைத்துச் சற்று நின்றேன்.

எதை இழந்தேன் என்று இவர்களுக்கு விளக்க இயலாது. இரட்டைக் குழாய். குழாயின் வாய்வழி வெடிமருந்திடுவது. நூறாண்டுக்கு மேல் பழையது. வாதுமைக் கட்டையில் முன்னொருவர் கன்னம் பட்டுப் பட்டு மழுங்கிய இடம், என் கன்னத்துக்கும் பொருந்தியது. கருமருந்தை அளந்து ஊற்றி, அடைப்பை இறக்கி, கோலால் இடித்து, ஈயச் சன்னம் இட்டு, மீண்டும் அடைத்து, கடைசியில் தீப்பொறி தரும் செப்புத் தொப்பி. ஒரு வெடிக்கு இவ்வளவு. அந்த வேலை நடக்கும்வரை வாய் திறப்பதில்லை. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் நான் பேசாதிருந்த ஒரே இடம் அதுதான்.

2.11.1989, வியாழன்

மழை இல்லை. காற்று.

தோய்ப்பதற்குக் கொடுக்க உடுப்பு எடுத்தேன். களத்துக்கு அணியும் கையில்லாச் சட்டை. இடப்பையில் ஏதோ உருண்டது. செப்புத் தொப்பி ஒன்று.

கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இடப்பக்கக் குதிரை. தொப்பியில் அடித்து வெடிக்கச் செய்யும் சுத்தியல் அது; பாதி ஏற்றி வைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். இதில் நிற்கும், சில வேளை நிற்காது, தானே விழும். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் விழுந்தது. நல்ல காலம், தொப்பி மாட்டியிருக்கவில்லை. உள்ளே அதைப் பிடிக்கும் பல் தேய்ந்துவிட்டதென்று திருத்துபவர் சொன்னார். கொடுத்தால் பழைய உறுப்பை எறிந்துவிட்டுப் புதியது போடுவார். மனம் வரவில்லை. அன்றிலிருந்து வலக்குழாயைச் சுட்டதும் முதல் வேலை இடக்குழாயின் தொப்பியைக் கழற்றிப் பையில் போடுவது. அதன் பிறகே வலக்குழாய்க்கு மருந்து; இல்லையேல், குதிரை விழுந்தால் குழாய் வாய்க்கு மேலிருக்கும் கை இடக்குழாய் வெடியில் போகும். ஆறேழு ஆண்டாகக் கை தானே செய்தது. வாய் யாரிடமும் சொன்னதில்லை.

பீற்றர் இதுவரை சுட்டது ஒற்றைக்குழாய் மட்டும். ஒற்றைக்குழாயில் இந்தச் சிக்கல் இல்லை.

அதைவிடக் கேடானது: அவர் கேட்டார். 25ஆம் நாள், துவக்கைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார். "நான் அறிய வேண்டியது ஏதும் உண்டா?"

விளக்கத் தொடங்கினால் குரல் உடைந்துவிடும். நிமிர்ந்து நின்று சொன்னேன்: "அதுவே உங்களுக்குச் சொல்லும்."

அவர் தலைகுனிந்து என் கையைப் பற்றினார்.

3.11.1989, வெள்ளி

காலை தொலைபேசி எடுத்தேன், வைத்தேன். எப்படித் தொடங்குவது? 'குறையை மறைத்து விற்றேன்' என்றா? எட்டு ஆண்டு என்னைப் 'பேராசிரியர்' என்று அழைத்த மனிதர். நான் நகரசபை எழுத்தர் என்று தெரிந்தும்.

இராசத்திடம் சொன்னேன். கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தது. அகப்பையை வைத்துவிட்டது.

"மேடையில ரெண்டு மணித்தியாலம் கதைக்கிற மனிசனுக்கு ஒரு வசனம் சொல்ல ஏலாதோ?"

"சொல்லலாம்."

"அப்ப சொல்லுங்கோ. அந்தாளின்ர கையெல்லோ!"

நண்பகல் அழைத்தேன். மணி அடித்தது, எடுப்பாரில்லை. மாலை, இரவு. அவ்வாறே.

4.11.1989, சனி

மூடுபனி. காலை ஏழிலிருந்து ஆறு முறை அழைத்தேன். இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருக்கக்கூடும். வடக்கே எங்கோ. களத்துச் செயலாளர் வீட்டிலும் பதில் இல்லை.

பின்தெருவில் வாணவெடி, ஆங்கிலேயரின் நவம்பர் ஐந்து வெடிக் கொண்டாட்டத்துக்கு இன்றே. வெடிக்கு வெடி இராசம் திடுக்கிட்டது. "எத்தினை வருசமானாலும் இந்தச் சத்தம் பழகாது." சன்னலைச் சாத்தினேன். இடுக்கால் கருமருந்து மணம். வேறு நாளாயின் ஏங்கியிருப்பேன். இன்று இடுக்கில் துணி அடைத்தேன்.

குறிப்பு எழுத உட்கார்ந்தேன். சொல்லும் செயலும். ஒரு வரி வரவில்லை.

நாளை முதல் வண்டி. ஞாயிறு பத்துக்குப் பீற்றர் களத்தில் இருப்பார். புதுத் துவக்கோடு எவரும் வராதிருப்பதில்லை.

5.11.1989, ஞாயிறு

வெயில். புல்லில் உறைபனி.

வெம்பிளிப் பார்க்கில் நாற்பது நிமிடக் காத்திருப்பு. தண்டவாள வேலை. அமர்ஷாமில் இறங்கும்போது பத்தேகால். வாடகை வண்டி இல்லை. இரண்டு மைல் நடை, பாதி ஓட்டம். அடி ஒட்டாத சப்பாத்து.

வேலிக்கு வரும்போதே ஒரு வெடி. வெண்புகை. புகைக்குள் பீற்றர், நின்றபடி. உயிர் வந்தது. வலக்குழாய் சுட்டாயிற்று. அடுத்து என்ன செய்வார் என்பதும் தெரியும். துவக்கின் அடியைப் புல்லில் ஊன்றினார். மருந்துக் குடுவையை எடுத்தார். குழாய் வாய்க்கு மேல் குனிந்தார். கையும் முகமும். இடக்குதிரையின் கீழ் தொப்பி, வெயிலில் மின்னியது.

எண்பது முழம் இருக்கும். எனக்கு ஆங்கிலம் வரவில்லை. செந்தமிழும் வரவில்லை.

"கையை எடடா! எட்டி நில்லடா!"

ஒலிவாங்கி இல்லாமல் அப்படி நான் கத்தியதே இல்லை. காகங்கள் எழும்பின. பீற்றருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. கையை எடுத்தார், குழாயைத் தன்னிடமிருந்து சாய்த்துப் பிடித்து அப்படியே நின்றார்.

ஓடிப்போய் வாங்கினேன். தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டேன். அதன் பிறகே மூச்சு. பின்பு அவர் பார்க்க, குழாயை ஆளில்லாத பக்கம் சாய்த்து, குதிரையைப் பாதி ஏற்றி, அடியை மெல்லப் புல்லில் தட்டினேன். நின்றது. மீண்டும். நின்றது. மூன்றாம் முறை விழுந்தது. சின்ன ஓசை, பேனா மூடுவது போல.

பீற்றர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். கையுறையைக் கழற்றித் தன் வலக்கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவே சொல்லும் என்றீர்கள்."

"ஆம். அழகுக்காகச் சொன்னேன்."

"அழகாகத்தான் இருந்தது" என்றார். "வீட்டில் மனைவிக்கும் சொல்லிக் காட்டினேன்."

கையுறையை மீண்டும் மாட்டினார். பிறகு அவர்: "திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதுதான் அது."

பதினொரு நாளாக நான் வேண்டியது அந்த ஒரு வாக்கியம். கட்டை என் தோளில் இருந்தது. கன்னம் தானே போய்ப் படிந்தது.

"வேண்டாம்" என்றேன். "முதலில் திருத்தக் கொடுங்கள்."

"பழைய உறுப்பை எறிந்துவிடுவார்களே."

"எறியட்டும்."

அவர் கையில் கொடுத்தேன். இம்முறை எல்லாம் சொன்னேன், ஒன்றுவிடாமல், கெட்ட ஆங்கிலத்தில்.

வீடு வர நாலரை. இருட்டிவிட்டது. தெருவெங்கும் வெடி. இராசம் வாசலிலேயே, என் முகத்தைப் பார்க்காமல்: "கை?"

"இருக்கு."

தேநீர் ஊற்றியது.

11ஆம் நாள் பேச்சு: குறிப்பு வேண்டாம். துவக்கை மீண்டும் ஏந்தினேன் என்று முதலில் சொல்ல வேண்டும். குணம் முன்வரிசையில் இருப்பான். அவன் கேட்குமுன் சொல்ல வேண்டும்.

பையில் தொப்பிகள் இரண்டு: அன்று கண்டது, இன்று கழற்றியது.