முதலில் நாய், பிறகு நான்

ஹவ்பெக் பண்ணை,
கம்பிரியா.
8 மே 1988

அன்புள்ள மகன் கீத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும், என் காலில் போட்டிருக்கும் மாவுக்கட்டும், கிழவன் டர்க்கும், நெட்டிலும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். அதுபோல நியூசிலாந்தில் நீயும் லொரெய்னும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு நாய்களுக்கும் வாசித்துக் காட்டினேன், அவர்களைப் பற்றித்தானே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். டர்க் பாதியிலேயே தூங்கிவிட்டான். நெட்டில் கடைசிவரை மரியாதையாகக் கேட்டாள், பிறகு உறையைக் கவ்விக்கொண்டு போய் மேசைக்கடியில் சுக்குநூறாக்கினாள். அவள் பதில் அது. என் பதில் கொஞ்சம் நீளம், உட்கார்ந்து படி.

நாய்களைக் கொடுத்துவிடு, ஆடுகளை விற்றுவிடு, எங்களோடு வந்து இரு, அதற்கு மனமில்லை என்றால் டவுனில் இருக்கிற முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிடு, அங்கே நாய்க்கு அனுமதி இல்லை ஆனால் கலர் டிவி உண்டு என்று எழுதியிருக்கிறாய். கலர் டிவியை என் தலையணையில் படுக்கவைத்துக்கொள்ள முடியுமா, அது எலி பிடிக்குமா என்று விசாரித்தாயா. டெரியர் மாதிரி பொந்துக்குள் புகும் வேட்டை நாய் வைத்திருப்பது வயதானவர்களுக்கு ஆபத்து என்று வேறு யாரோ ஒரு டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த டாக்டரை ஒருநாள் இங்கே அனுப்பிவை, நெட்டில் அவருக்கு எல்லாம் விளக்கிச் சொல்வாள்.

முதலில் உன் வீட்டுச் சங்கதியைப் பேசுவோம். பிள்ளைகளுக்காக வாங்கிய டெரியர் குட்டிக்கு டாஃபி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், சரி, பெயரில் என்ன இருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் அதை நாய்களுக்கான பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறீர்களாம், உட்கார்ந்தால் ஒரு பிஸ்கட், எழுந்தால் ஒரு பிஸ்கட். குளிருக்கு அதற்குக் கோட்டு தைத்திருக்கிறாளாம் லொரெய்ன். ஆனால் லொரெய்னின் ரோஜாச் செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டது, பக்கத்து வீட்டுக் கோழியைக் கொன்றுவிட்டது, அம்மா என்ன செய்வது என்று அடுத்த பக்கத்தில் கேட்கிறாய். இந்தப் பக்கத்தில் உன் அம்மாவுக்கு நாய் வளர்க்கத் தெரியாது, அந்தப் பக்கத்தில் தெரியும். பெரிய மனுஷன்தான் நீ. கேட்டதற்குச் சொல்கிறேன். மண்ணைத் தோண்டத்தான் அது பிறந்திருக்கிறது, அதை அடித்து மாற்ற முடியாது. தோட்டத்தில் ஒரு மூலையை அதற்கென்று விட்டுவிடு, அங்கே ஒரு எலும்பைப் புதைத்துவை, ரோஜாவை மறந்துவிடும். கோழி விஷயத்துக்குப் பள்ளிக்கூடம் உதவாது. தினமும் கழுத்தில் கயிற்றோடு கோழிகளுக்கு நடுவே கொண்டுபோய் உட்கார், நீ எதுவும் பேசாமல் உன் பேப்பரைப் படி, சலித்துப்போய்த் தூங்குகிற வரைக்கும். இங்கே என் குட்டிகளுக்கு முதல் வாத்தியார் அடுப்படிப் பூனை, மூக்கில் ஒரு அறை. அடுத்தது குட்டி ஈன்ற ஆடு, ஒரு முட்டு, அவ்வளவுதான், ஆயுசுக்கும் ஆட்டுப் பக்கம் தலை திருப்பாது. பெயரை ஒரு தடவை கூப்பிடு, இரண்டாவது தடவை கூப்பிடாதே, போய்த் தூக்கிக்கொண்டு வா. பத்துத் தடவை கூப்பிட்டால் பதினோராவது தடவைதான் வரவேண்டும் போலிருக்கிறது என்று கற்றுக்கொள்ளும். பிள்ளைகள் காலுறையை வைத்து அதோடு இழுத்து விளையாடிவிட்டு, அப்புறம் காலுறையைக் கிழித்துவிட்டது என்று அழக்கூடாது. அந்தக் கோட்டை நாய் கிழித்தால் மட்டும் ஒன்றும் சொல்லாதே.

இப்போது நான் விழுந்த கதைக்கு வருகிறேன். பக்கத்துப் பண்ணை வில்ஃபின் பெண்டாட்டி எட்னா உனக்கு ஃபோனில் அழுதுகொண்டே சொன்னதை வைத்து நீ என்னவோ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நெட்டில் என் உயிரைக் காப்பாற்றினாள் என்று எட்னா சொல்லியிருக்கிறாள், நெட்டிலால்தான் நான் விழுந்தேன் என்று நீ புரிந்துகொண்டிருக்கிறாய். இரண்டும் சரியில்லை. ஏப்ரலில் நரி வந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிவிட்டது. அன்று மத்தியானம் மந்தையைப் பார்க்க மலைமேல் போனேன், நெட்டில் கூடவே வந்தாள். நரி வாடை கிடைத்ததும் மேலே இருக்கிற அந்தப் பாறைக் குவியலுக்குள் புகுந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டு என்ன, அவள் வேலையை அவள் செய்கிறாள். நரி எந்தப் பக்கம் வெளியே வரும் என்று பார்க்கக் கொஞ்சம் மேலே ஏறினேன், கல் புரண்டது, கணுக்கால் கற்களுக்கு நடுவில் மாட்டி முறிந்தது. இருபது வயதுப் பையன் ஏறியிருந்தாலும் அந்தக் கல் புரண்டுதான் இருக்கும். இதில் நாய்க்கு என்ன பங்கு.

எழுந்திருக்க முடியவில்லை. கீழே வில்ஃப் தன் வயலில் கல்சுவர் சரிசெய்துகொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவன் தொப்பிகூடத் தெரிந்தது. கத்தினேன். வில்ஃப், வில்ஃப் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான், கையை ஆட்டினான், மறுபடி குனிந்து கல்லை அடுக்க ஆரம்பித்துவிட்டான். அப்புறம் நான் கேட்டதற்கு என்ன சொன்னான் தெரியுமா, "நீ கத்துறது தினம் கேக்குறதுதானே மேவிஸ், நாயத் திட்டுறேன்னு நெனச்சேன், என் பேரையும் சேத்துத் திட்டுறே போலன்னு விட்டுட்டேன்." மத்தியானம் முழுக்கக் கத்திக்கொண்டே கிடந்தேன். வெயில் போய்க் காற்று குளிர ஆரம்பித்தது. அதற்குள் பாறைக்கு அடியில் நெட்டிலின் குரைப்பு மாறிவிட்டது. உனக்குத் தெரியும், நரியைத் துரத்துகிற நாயின் குரல் அங்கும் இங்கும் நகரும், மாட்டிக்கொண்ட நாய் ஒரே இடத்திலிருந்து விட்டு விட்டுக் குரைக்கும். இரண்டு தடவைதான் அப்படிக் குரைத்தாள். அவ்வளவு நேரம் என் கூச்சலுக்கு அசையாத வில்ஃப், கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் கடப்பாரை, மண்வெட்டி சகிதம் ஒரு கூட்டமே மேலே வந்தது. வில்ஃப், அவன் தம்பி, பையை வழியில் போட்டுவிட்டு வந்த தபால்காரர், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதிரியார். யாராவது இறந்தால்கூட இவ்வளவு வேகமாக வரமாட்டார் அந்த மனுஷர்.

மேட்டைத் தாண்டி வந்து என்னைப் பார்த்தார்கள். முகம் வெளுத்து, கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கிறேன். வில்ஃப் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பொந்து வழியாப் போச்சு?" இதற்கு நான் செருப்பால் அடித்திருக்க வேண்டாமா. அதுதான் இல்லை, இடது பக்கம், அந்தத் தட்டைக் கல்லுக்குக் கீழே என்று கையைக் காட்டினேன். நானும் இந்த ஊர்க்காரிதானே. பாதிரியார் மட்டும் கொஞ்சம் தயங்கினார், இந்தம்மாவை முதலில் கீழே தூக்கிப்போக வேண்டாமா என்று. வில்ஃப் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டு, "கால் எங்கயும் ஓடிடாது சாமி, நாய்க்குத்தான் மூச்சு முட்டிரும்" என்றான். பாதிரியார் என்னைப் பார்த்தார். வில்ஃப் சொல்வது சரிதான் என்று நானே சொல்லிவிட்டேன். பிறகு அந்தக் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டே படுத்தபடி, அந்தக் கல்லை இழுக்காதே, மேலே இருப்பது சரியும், மடையா, அடுத்ததை இழு என்று அவர்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் போவதற்குள் நெட்டில் வந்துவிட்டாள். ஒரு காது கிழிந்து தொங்கியது, முகமெல்லாம் மண். என்னைப் பார்த்தாள், வாலை ஒரு ஆட்டு ஆட்டினாள், திரும்பி மறுபடியும் பொந்துக்குள் போகப் பார்த்தாள். தபால்காரர் பின்னங்காலைப் பிடித்து இழுத்தார். நன்றியுள்ள பிராணி. அதற்கப்புறம்தான் வில்ஃபின் தம்பி வயல் கேட்டைக் கழற்றிக்கொண்டு வர, என்னை அதில் படுக்கவைத்துத் தூக்கினார்கள். நெட்டில் களைத்திருக்கிறாள் என்று அவளையும் என் வயிற்றின்மேல் ஏற்றிவிட்டார்கள். வழியெல்லாம் நாய்க்கு அதிராமல் மெதுவாக நடங்கள் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். இதுதான் நடந்தது. இதில் யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று நீயே சொல்லு.

ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வந்தபிறகு வீட்டில் ஒரே கூட்டம். எல்லோரும் நெட்டிலைப் பார்க்க வந்தவர்கள். காது எப்படி இருக்கு, தையல் பிரிச்சாச்சா, சீழ் வைக்கலையே என்று குனிந்து குனிந்து பார்த்தார்கள். என் மாவுக்கட்டில் தடுக்கி விழாத குறை, ஆனால் கால் எப்படி என்று ஒருத்தர் கேட்கவில்லை. பாதிரியார் நாய்க்கு என்று ஈரல் வாங்கி வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதற்கு நடுவில் நீ ஃபோன் பண்ணிக்கொண்டே இருந்தாய், கால் எப்படி அம்மா, டாக்டர் என்ன சொன்னார், தனியாக இருக்கிறாயே பயமாக இல்லையா என்று. ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்படி நேரடியாகக் கேட்டால் இந்த ஊரில் யார் உண்மையைச் சொல்வார்கள். உன் அப்பா சாகக்கிடந்தபோதுகூட நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார்.

எனக்குத் தெரியாமல் நீ வில்ஃபுக்கு ஃபோன் பண்ணி, நாய்களை வேறு எங்காவது கொடுத்துவிடுங்கள், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொன்னதையும் அவன் மறுநாளே வந்து சொல்லிவிட்டான். அன்று அவனுக்கு முகமே சரியில்லை. தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நாய்களைக் கொடுக்கச் சொல்கிறாயே என்றுதான் கோபம் என்று நினைத்தேன். இல்லை. "அவ்ளோ நேரம் பேசுனான் மேவிஸ், காது எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. நம்ம ஜாஸ் பெத்த புள்ளையா அவன்?" என்று கேட்டான். உன் அப்பாவின் பெயரை அவன் சொல்லிக் கேட்டு எவ்வளவோ நாளாகிறது. வில்ஃபுக்கு நீ என்ன சொன்னாயோ அதை நேரே எனக்குச் சொல்லியிருக்கலாம் கீத். எனக்கு அது வலித்தது.

காது ஆறி நாளாகிவிட்டது. முடிகூட முளைத்துவிட்டது. ஆனால் வில்ஃப் தினமும் காலையில் காதைப் பார்க்க வருகிறான். நெட்டிலை மடியில் வைத்துக் காதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வீக்கம் இருக்கு, நாளைக்கும் வந்து பாத்துர்றேன்" என்கிறான். பார்த்துவிட்டுப் போகிற வழியில் நிலக்கரி வாளியை நிரப்பி உள்ளே வைக்கிறான், ஆடுகளைப் பார்க்கிறான், பனி உறைந்து வழுக்காமலிருக்க வாசற்படியில் உப்புத் தூவுகிறான், அதுவும் மே மாதத்தில். எட்னா நாய்க்கு என்று சொல்லிப் பாத்திரத்தைக் கொடுத்தனுப்புகிறாள், திறந்தால் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் மேலே பொன்னிறமாக வாட்டி, ஓரத்தில் கரண்டியும் வைத்திருக்கிறாள். எந்த நாய் கரண்டியால் சாப்பிடும். ஆமாம் வில்ஃப், வீக்கம் இருக்கத்தான் இருக்கிறது என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் நான் எங்கும் வரவில்லை, நாய்களையும் எங்கும் அனுப்பவில்லை. கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டாயிற்று, இனி மலை ஏறும்போது கம்பு எடுத்துப்போகிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன், அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே. ஒரு விஷயம் எட்னாவிடம்கூடச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். அங்கே கிடந்தபோது நான் பயந்துபோனேன் கண்ணா. கத்தக் கத்த யாரும் வரவில்லை, நான் செத்துப்போய்விடுவேன் என்று நினைத்தேன், உன்னைத்தான் நினைத்தேன். நெட்டிலின் குரல் கேட்டுத்தான் வந்தார்கள். அவளைக் கொடுத்துவிட்டு நான் எந்த ஊரில் எந்த மாடியில் உட்கார்ந்து கத்தினாலும் யாரும் வரமாட்டார்கள்.

லொரெய்னுக்கு என் அன்பைச் சொல், பிள்ளைகளுக்கு முத்தம் கொடு. அங்கே இப்போது குளிர்காலம் வருகிறது, மார்புச்சளிக்காரன் நீ, கம்பளிச் சட்டையை மறக்காதே. கடவுள் உங்கள் எல்லோரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணும்போது என் காலைப் பற்றிக் கேட்காதே, கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பேன். நெட்டிலின் காது எப்படி இருக்கிறது என்று கேள். எல்லாவற்றையும் சொல்கிறேன்.

என்றும் உன் நலம் விரும்பும்
அம்மா,
மேவிஸ் மௌன்சி