நீ பேசிக்கொண்டிருந்த கீபோர்டு

இன்று மதியம், ஆபீஸில் பக்கத்து இருக்கைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் என் பக்கம் எட்டிப் பார்த்து, "அக்கா, டைப் பண்றீங்களா, சும்மா ஸ்கிரீனைப் பாத்துகினு இருக்கீங்களா? சத்தமே வரலியே" என்றாள். சத்தம் வராத கீபோர்டு என்று சொன்னேன். "சூப்பரா கீதே, எங்க வாங்கினீங்க?" என்றாள். தண்ணீர் பிடிக்கப் போவதுபோல எழுந்துவிட்டேன். உன்னுடையது என்றால் நீ யார் என்று கேட்பாள். அதை நின்ற இடத்தில் சொல்லிவிட முடியுமா?

வாயை மூடத் தெரியாதவள் நீ. தினமும் நாம் சேர்ந்து வேலைக்குப் போகும் ரயில் தாம்பரத்தில் நகர்வதற்கு முன்பே ஆரம்பித்தால் கிண்டி வரை லேடீஸ் பெட்டி முழுக்க உன் குரல்தான். குரோம்பேட்டையில் பூக்கூடையோடு ஏறும் அம்மா, "நீ லீவு போட்டா வண்டியே தூங்கிடுது கண்ணு" என்பார்.

அந்த நாக்குதான் முதலில் குழறியது. பல் டாக்டர், தொண்டை டாக்டர் என்று அலைந்து, கடைசியில் நரம்பு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். அவர் சொன்ன நோயின் பெயர் என் காதில் நிற்கவில்லை. "மருந்து இருக்குல்ல டாக்டர்?" என்றேன். "கொஞ்சம் தள்ளிப் போடலாம்மா. நிறுத்த முடியாது" என்றார். பேச்சு போகும், பிறகு கை, பிறகு மூச்சு. திரும்பி வரும்போது ஆட்டோவில் நான்தான் அழுதேன். நீ குழறிக்கொண்டே, "கை இருக்குல்ல டி, டைப் அடிச்சே சண்டை போடுவேன்" என்றாய்.

அப்படியே செய்தாய். சிட்லபாக்கத்தில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பும் ஒரு பழைய கீபோர்டும் ஏறின. நீ அடிப்பது பெரிய எழுத்தில் திரையில் வரும். உன் மாமியார், "டக்கு டக்குனு அடிச்சா டிவியில ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். வயதானவர், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. உன் விரலுக்கும் அந்தக் கீபோர்டின் விசைகள் கனக்க ஆரம்பித்திருந்தன. உன் வீட்டுக்காரர் எங்கெங்கோ விசாரித்து, சத்தம் போடாத இந்த மெக்கானிக்கல் கீபோர்டைக் கொண்டுவந்தார்.

முதல் நாள் என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தாய். தொட்டதும் இறங்கியது. கடைசியில் தலையணையில் விரல் பட்டதுபோல ஓர் அமுங்கல், அவ்வளவுதான். விரலை எடுக்கும்போது அதுவே மெதுவாக மேலே தள்ளிவிட்டது. "பாத்தியா, பாதி வேலைய இதுவே செய்யுது" என்று அடித்துவிட்டுச் சிரித்தாய்.

ஒரு விஷயம் மட்டும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பழையதில் நீ அடிக்கும்போது சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இதில் நீ பேசுகிறாய் என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் உன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலை, உன் மகள் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கதை சொன்னாள். பஸ்ஸில் ஒருவன் தினமும் அவளுக்கு இடம் பிடித்து வைக்கிறானாம். வீடே சிரித்தது. "வரேன்மா" என்று அவள் வாசல் தாண்டிய பிறகுதான் திரையைப் பார்த்தேன். "இடம் பிடிக்கறது இருக்கட்டும், அவன் நிக்கறானா, பக்கத்துலயே உக்காந்துக்கறானா?" என்று இருந்தது. தெருமுனை வரை செருப்பில்லாமல் ஓடினேன். ஷேர் ஆட்டோ போய்விட்டது. நான் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அந்த வரியை அழித்துவிட்டு வேறொன்று அடித்திருந்தாய்: "பழசே தேவலாம் டி. சத்தம் போட்டாதான் திரும்பிப் பாக்கறாங்க."

உன் வீட்டுக்காரரும் அதைப் படித்தார். பரணில் ஏறிப் பழைய கீபோர்டைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். நீ அழுத்திப் பார்த்தாய். விசை இறங்கவில்லை. இன்னொரு விரலையும் சேர்த்து அழுத்தினாய். மூன்று பேரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதன்பின் இந்தக் கீபோர்டும் உனக்குக் கனத்துவிட்டது.

கடைசியாக நீ எனக்கு அடித்தது ஒரே எழுத்து. 'எ'. அதோடு விரல் நின்றது. "என்ன வேணும்மா? எழுந்து உக்காரணுமா?" என்று அவர் பதறினார். நீ கண்ணை மூடிக்கொண்டாய். "இருங்க, அவளே முடிக்கட்டும்" என்றேன். காத்திருந்தோம். உன் கை மடியில் சரிந்தது. எடுத்து விசைகள் மேல் வைத்தேன். மறுபடியும் சரிந்தது. மறுபடியும் வைத்தேன். வேண்டாம் என்பதுபோல என்னைப் பார்த்தாய். எனக்கா, என்னையா, எப்போதா? இன்றுவரை தெரியவில்லை. கேட்க நீ இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்காரர், "எங்களால இதப் பாக்க முடியல. நீங்களே வச்சுக்கோங்க" என்று இதைக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் என்னிடம் யாராவது பேச வந்து பாதியில் திணறினால், அடுத்த சொல்லை நான் எடுத்துக் கொடுப்பதில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள்.