நாலு வால்வும் நானும்

என்னங்க, நான் தவளக்குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். சோறு வடித்துவிட்டேன். நெத்திலிக் குழம்பை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

கோயில் பாடல் குழுவில் கிட்டார் வாசிக்கும் ரோஸி மேரி, நீங்கள் செய்த ஆம்ப்ளிஃபையரில் வாசித்துப் பார்க்கச் சாயந்திரம் வருகிறாளாம். காபி போட்டுக் கொடுங்கள். எனக்கு ஒருநாளும் போட்டதில்லை, பழகிக்கொள்ளுங்கள்.

“நாலு வால்வும் ஒரே மாதிரி சூடாவணும் செலின், ஒண்ணு மட்டும் செவந்தா போச்சு” என்று ஒரு மாதமாக ஆம்ப்ளிஃபையரில் செருகிய அந்தக் கண்ணாடிக் குழல்களையே குனிந்து குனிந்து பார்க்கிறீர்கள். நேற்று நீங்கள் அவள் பேரைச் சொன்னதும் என் முகம் சிவந்தது மட்டும் உங்கள் கண்ணில் படவில்லை.

செலின்

இன்னும் ஒன்று. ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் பண்ணாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். ஸ்பீக்கர் என் கட்டைப் பையில் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.